ஏரியின் இலக்கணம்: சென்னை மேற்குப் புறநகர் நிலக்காட்சியும் கணினி வரைகலையில் விதிவழி உருவாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

நிலம், நீர், மரம், தெரு ஆகியன அடங்கிய வெளிப்புறக் காட்சியைக் கையால் வரையாமல், வகுத்துக் கொடுத்த விதிகளின்படி கணினியே ஆக்கிக்கொள்ளும் முறை கணினி வரைகலையில் விதிவழி உருவாக்கம் எனப்படுகிறது. இம்முறையின் பெரும்பாலான நிலவடிவப் படிமுறைகள் மலைநிலத்தை மனத்திற்கொண்டு எழுந்தவை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய சென்னையின் மேற்குப் புறநகர்ப் பகுதிகளோ தட்டையான ஏரி நிலம். இந்நிலத்திற்கு அப்படிமுறைகள் ஏன் பொருந்தவில்லை என்பதையும், ஏரி அமைப்பையே ஓர் இலக்கணமாகக் கொண்டால் காட்சி எவ்வாறு அமையும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. வழக்கிலுள்ள ஓர் அறிவை விதியாக எழுதும் முயற்சிக்கு முன்னோடியாகச் சென்னைக் கிறித்தவக் கல்லூரி ஆய்வாளர்களின் கோல ஆய்வுகள் எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: விதிவழி உருவாக்கம், கணினி வரைகலை, எல்-முறைமை, கோலம், ஏரித் தொடர், செம்பரம்பாக்கம், திணை

முன்னுரை

திரைப்படம், கணினி விளையாட்டு, வாகனம் ஓட்டப் பயிற்றும் ஒப்புருவாக்கி, நகரத் திட்டம், வெள்ளக் கணிப்பு ஆகிய துறைகள் யாவும் இன்று வெளிப்புறக் காட்சிகளைக் கணினியில் ஆக்குகின்றன. ஒரு சதுரக் கிலோமீட்டர் நிலத்தில் உள்ள புல், இலை, கல், கூரை ஆகிய அனைத்தையும் ஒவ்வொன்றாக வரைவது இயலாத செயல். ஆகவே பொருளை வரைவதற்கு மாறாக, பொருள் உருவாகும் விதியை எழுதும் வழி தோன்றியது. ஆங்கிலப் பெயரின் ஒலிபெயர்ப்பாகப் 'புரொசீஜுரல் ஜெனரேஷன்' என்று தொழில்துறையினர் வழங்கும் இதனை இக்கட்டுரை 'விதிவழி உருவாக்கம்' என்று குறிக்கிறது.

விதியை எழுதுவோர் எந்த நிலத்தை அறிந்திருக்கிறாரோ அந்த நிலமே விதிக்குள் புகுகிறது. இது பெரிதும் கவனிக்கப்படாத செய்தி. மலையையும் பனிக்காட்டையும் கண்டு எழுதிய விதியால் அம்பத்தூர் ஏரியைக் காட்ட முற்பட்டால், கிடைப்பது நீர் தேங்கிய ஒரு குழியே. அது ஏரி ஆகாது. காட்சியின் நுணுக்கம் வடிவங்களின் எண்ணிக்கையைச் சார்ந்ததன்று. நிலம் அவ்வடிவத்தை அடைந்த காரணத்தைச் சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. விதிவழி உருவாக்கத்தின் அடிப்படைகள்

நிலவடிவத்தை விதியால் ஆக்கும் முயற்சிக்குப் பெனுவா மாண்டல்பிராட்டின் ஃபிராக்டல் கோட்பாடு அடித்தளமாயிற்று. ஒரு மலைத்தொடரின் சிறுபகுதியைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் அது மலைத்தொடர் போலவே தோன்றும் என்னும் தன்னொப்புப் பண்பே அக்கோட்பாட்டின் உயிர். போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய லோரன் கார்பென்டர், 1980 இல் 'வோல் லிப்ர' என்னும் குறும்படத்தில் முழுவதும் கணினியால் ஆன மலைகளின்மேல் பறக்கும் காட்சியைக் காட்டினார். அலைன் ஃபூர்னியே, டான் ஃபசல், கார்பென்டர் ஆகியோர் 1982 இல் வெளியிட்ட கட்டுரை இதன் படிமுறையை விளக்கியது. ஒரு கோட்டின் நடுப்புள்ளியைத் தற்செயலான அளவுக்கு மேலோ கீழோ நகர்த்துக, கிடைத்த இரு துண்டுகளின் நடுப்புள்ளிகளையும் முன்னினும் குறைந்த அளவுக்கு நகர்த்துக, இவ்வாறு தொடர்க. சில சுற்றுகளிலேயே நேர்க்கோடு மலைமுகடாகி விடும்.

கென் பெர்லின் 1985 இல் வெளியிட்ட 'இரைச்சல்' சார்பு இதனினும் எளிமையாகவும் பரவலாகவும் பயன்பட்டது. சீராக ஏறி இறங்கும் தற்செயல் அலைகளை, பெரிய அலையின்மேல் சிறிய அலை, அதன்மேல் மேலும் சிறிய அலை என்று அடுக்கினால் மலை, முகில், பளிங்கு ஆகியவற்றின் தோற்றம் கிடைக்கும். தொடக்கத்தில் கொடுக்கும் 'விதை எண்' ஒன்றாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அதே காட்சி பிறக்கும். ஆகவே மாபெரும் நிலப்பரப்பையும் சேமித்து வைக்க வேண்டுவதில்லை. விதியையும் விதை எண்ணையும் வைத்திருந்தாலே போதும்.

இவ்வாறு பிறந்த மலைகளில் ஆறுகள் இல்லை என்னும் குறை விரைவில் உணரப்பட்டது. மழைநீர் ஓடி அரித்த தடம் அலைகளின் கூட்டலில் தோன்றாது. கென் மஸ்கிரேவும் உடன் ஆய்வாளர்களும் 1989 இல் அரிப்பையும் படிவையும் கணக்கிட்டு அக்குறையைப் போக்க முயன்றனர். 2013 இல் ஜெனவோ முதலியோர் வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் ஆற்று வலையமைப்பை ஆக்கி, அதற்கேற்ப நிலத்தை எழுப்பினர். தற்செயலிலிருந்து காரணத்தை நோக்கி நகர்ந்ததே இத்துறையின் வரலாறு எனலாம்.

2. கோலத்திலிருந்து மரத்திற்கு

காரணத்தை விதியாக எழுதும் மரபில் சென்னைக்கும் பங்குண்டு. தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1970களின் தொடக்கத்தில் பட மொழிகளை ஆராய்ந்தனர். வாக்கியத்தை ஆக்கும் இலக்கண விதிகளைப் போலப் படத்தை ஆக்கும் இலக்கண விதிகளை வகுக்க இயலுமா என்பதே அவர்தம் வினா. 1972 இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரை இருகட்ட முறை ஒன்றை முன்வைத்தது. முதற்கட்டத்தில் குறியீடுகளின் கிடைவரிசை ஒன்று பிறக்கும். அடுத்த கட்டத்தில் அவ்வரிசையின் ஒவ்வொரு குறியீடும் ஒரே சமயத்தில் கீழ்நோக்கி ஒரு நெடுவரிசையாக வளரும். செவ்வக வடிவம் குலையாமல் படம் நிறைவடையும்.

1974 இல் 'கணினி வரைகலையும் படச் செயலாக்கமும்' என்னும் பொருளுடைய ஆங்கிலப் பெயர் கொண்ட பன்னாட்டு இதழில் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, அணிவரிசை இலக்கணங்களையும் கோலத்தையும் இணைத்தது. வாசலில் புள்ளி வைத்துக் கோலமிடும் பெண்கள் ஒரே கோலத்தை 5 புள்ளிக்கும் 9 புள்ளிக்கும் விரித்து வரைகின்றனர். மனப்பாடமான ஒரு படத்தால் இது கூடுவதன்று. அவர்கள் கையில் இருப்பது ஒரு விதி. அவ்விதியின் வலிமைக்கேற்பக் கோலங்களை வகைப்படுத்தலாம் என்று அவ்வாய்வு காட்டியது. எழுதாமல் வழங்கிவந்த அறிவொன்று அங்கே முறையான இலக்கணமாயிற்று.

இதே காலத்தில் உயிரியலிலிருந்து மற்றொரு நீரோட்டம் வந்து கலந்தது. ஹங்கேரியில் பிறந்த உயிரியலாளர் அரிஸ்டிட் லின்டன்மேயர் 1968 இல் பாசி இழையின் வளர்ச்சியை விளக்க 'எல்-முறைமை'யை வகுத்தார். வழக்கமான இலக்கணத்தில் ஒரு நேரத்தில் ஒரு குறியீடே மாற்றப்படும். எல்-முறைமையிலோ எல்லாக் குறியீடுகளும் ஒருங்கே மாற்றப்படும். ஏனெனில் உயிரணுக்கள் ஒன்றுக்கொன்று காத்திராமல் ஒரே சமயத்தில் பிளவுறுகின்றன. முதிர்ந்த அணுவை 'அ' என்றும் இளம் அணுவை 'ஆ' என்றும் கொள்வோம். விதிகள் இரண்டு: 'அ' என்பது 'அ ஆ' ஆகும், 'ஆ' என்பது 'அ' ஆகும். 'அ' என்று தொடங்கினால், 'அ ஆ', 'அ ஆ அ', 'அ ஆ அ அ ஆ' என்று இழை நீளும். நீளங்கள் 1, 2, 3, 5, 8 என்னும் ஃபிபோனாச்சி வரிசையில் அமையும். இரண்டே விதிகளிலிருந்து எண்ணற்ற நீளம் பிறப்பது இங்குக் கருதத்தக்கது.

ராணி சிரோமணியும் கே. ஜி. சுப்பிரமணியனும் 1983 இல் வெளியை நிரப்பும் வளைகோடுகளை எல்-முறைமையால் ஆக்கும் வழியைக் காட்டினர். பிரெமிஸ்லாவ் புருசின்கீவிச் எல்-முறைமையின் குறியீடுகளை, 'முன்செல்', 'இடம் திரும்பு', 'வலம் திரும்பு', 'கிளை தொடங்கு', 'கிளை முடி' என்னும் வரைகட்டளைகளாகப் படித்தார். அதனால் குறியீட்டுச் சரம் மரமாக வளர்ந்தது. அவரும் கமலா கிருதிவாசனும் விஜயநாராயணாவும் இணைந்து, எல்-முறைமையால் தென்னிந்தியக் கோலங்களையும் கருநாடக இசையையும் ஆக்குவது பற்றி எழுதிய கட்டுரை, கிஃப்ட் சிரோமணி நினைவாக 1989 இல் வெளிவந்த தொகுதியில் இடம்பெற்றது. 1990 இல் புருசின்கீவிச்சும் லின்டன்மேயரும் எழுதிய செடிவடிவ நூல் இன்றும் இத்துறையின் அடிப்படை நூலாக விளங்குகிறது. வாசற்கோலமும் திரைப்படக் காடும் ஒரே கணிதக் குடும்பத்தைச் சேர்ந்தவை என்பது இதனால் விளங்கும்.

இவ்வரலாற்றிலிருந்து கொள்ளத்தக்க பாடம் ஒன்று. கோல ஆய்வாளர்கள் கோலம் போடும் கைகளின் வழக்கத்திலிருந்து விதியைப் பெற்றனரேயன்றிப் புள்ளிகளைத் தற்செயலாகத் தூவிப் பார்க்கவில்லை. நிலக்காட்சிக்கும் அதே வழியைக் கைக்கொள்ளலாம்.

3. சமவெளியில் இரைச்சல் தோற்பது ஏன்?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு நீர்மட்டம் கடல்மட்டத்திலிருந்து 85.4 அடி, அஃதாவது ஏறத்தாழ 26 மீட்டர். அங்கிருந்து வங்கக்கடல் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. எனவே நிலத்தின் பொதுச் சரிவு ஏறத்தாழ 1000 இல் 1. ஒரு கிலோமீட்டர் நடந்தால் நிலம் ஒரு மீட்டரே தாழும். கண்ணுக்குப் புலப்படாத இச்சரிவுதான் கூவத்தையும் அடையாற்றையும் கடலுக்கு இட்டுச் செல்கிறது.

இந்நிலத்தின்மேல் இரைச்சல் அலையை ஏற்றிப் பார்ப்போம். 100 மீட்டர் நீளமும், மேட்டிலிருந்து பள்ளத்திற்கு ஒரு மீட்டர் வேறுபாடும் உடைய மெல்லிய அலை ஒன்று போதும். முகட்டிலிருந்து பள்ளத்திற்கு உள்ள 50 மீட்டரில் நிலம் ஒரு மீட்டர் தாழ்கிறது. சரிவு 50 இல் 1. இது பொதுச் சரிவைப்போல் 20 மடங்கு. மலைநாட்டில் பொருட்படுத்த வேண்டாத இந்த அலை, சமவெளியில் நீரின் திசையையே மாற்றிவிடும். ஒவ்வொரு பள்ளத்திலும் நீர் தேங்கும். எந்த ஓடையும் கடலை அடையாது. பார்வைக்கு இயல்பாகத் தோன்றும் காட்சி, நீரியல் நோக்கில் பொய்யாகிறது.

உண்மையான உயரத் தரவைக் கொண்டு இக்குறையை நீக்கலாம் எனத் தோன்றும். 2000 பிப்ரவரியில் விண்ணோடம் வாயிலாக எடுக்கப்பட்ட ரேடார் நிலவடிவத் தரவு உலகெங்கும் பயன்படுகிறது. அதன் ஒரு கட்டம் ஏறத்தாழ 30 மீட்டர்; அதற்கு வகுக்கப்பட்ட உயரப் பிழையின் எல்லை 16 மீட்டர். நடைமுறையில் பிழை இதனினும் குறைவாகவே அமைவதுண்டு. ஆயினும் செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடியாக, ஏறத்தாழ 7.3 மீட்டராகக் கணக்கிடப்பட்டு வந்தது. நகரத்திற்குக் குடிநீர் தரும் ஏரியின் ஆழமே அளவைப் பிழையின் எல்லைக்குள் மறைந்துவிடக்கூடும். சிற்றேரிகளின் கரையோ ஒரு கட்டத்தின் அகலம்கூட இல்லாதது. மேலும், ரேடார் மரத்தலைகளையும் கூரைகளையும் பெரும்பாலும் நிலமாகவே கொள்ளும். நீர்ப்பரப்பின் கீழுள்ள தரையைக் காணாது. ஏரி நிலத்தின் உயிர்நாடியான கரை, மதகு, கலங்கல் ஆகிய மூன்றும் இத்தரவில் விடுபட்டுப் போகின்றன.

விடுபடுவன சிறியவை, விளைவு பெரிது. 2015 டிசம்பர் 1 ஆம் நாள் செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றில் அந்நீர் மட்டும் ஓடவில்லை. ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்தே பெருகியது. எந்த ஏரி எந்த வழியாக வழிந்து எங்கே சேரும் என்னும் தொடர்பு அறியாத காட்சியமைப்பு அழகிய படமாக இருக்கலாம்; அதனை நம்பி யாரும் ஒரு முடிவெடுக்க இயலாது.

4. ஏரியின் இலக்கணம்

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிகள் ஏரிகள் செறிந்தவை. இவற்றுள் மிகப் பல மனிதர் ஆக்கியவை. ஆகவே அவற்றின் வடிவத்திற்குக் காரணம் உண்டு; காரணம் உண்டெனில் விதி எழுத இயலும். அவ்விதிகள் பின்வருமாறு அமையலாம்.

முதல் விதி: கரை. சரிவுக்குக் குறுக்கே, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் கரை எழும். அதன் இரு முனைகளும் மேட்டை நோக்கி வளையும். மேட்டுப்பக்கம் திறந்தே இருக்கும். ஆகவே ஏரி ஒருபுறம் சீரான வில்லாகவும் மறுபுறம் ஒழுங்கற்ற விளிம்பாகவும் தோன்றும். எப்பக்கமும் ஒத்த விளிம்புடைய நீர்நிலையை வரைந்தால் அது குளமாகுமேயன்றி ஏரியாகாது.

இரண்டாம் விதி: நீர்மட்டம். கலங்கலின் உச்சியே ஏரியின் முழு நீர்மட்டம். அந்த உயரத்தில் செல்லும் சமவுயரக் கோடே நீரின் விளிம்பு. சரிவு 1000 இல் 1 ஆக இருக்கும் இடத்தில் நீர் ஒரு மீட்டர் உயர்ந்தால் விளிம்பு ஒரு கிலோமீட்டர் பின்வாங்கும். கோடையில் ஆடு மேயும் தரை, ஐப்பசி கார்த்திகையில் நீர்ப்பரப்பாவது இதனால்தான். ஆகவே ஏரியின் வடிவம் ஒன்றன்று, மாதத்திற்கு ஒன்று. காட்சியில் காலமும் ஓர் அளபுருவாக இடம்பெற வேண்டும்.

மூன்றாம் விதி: மதகும் ஆயக்கட்டும். கரையின் தாழ்ந்த பகுதியில் மதகு அமையும். அதிலிருந்து வாய்க்கால் பிரிந்து, கிளைவாய்க்காலாகி, வயலை அடையும். எல்-முறைமையின் கிளை விதி இங்கு அப்படியே பொருந்தும். மரத்தின் கிளை ஒளியை நாடும். வாய்க்காலின் கிளை சரிவை நாடும். இதுவே வேறுபாடு.

நான்காம் விதி: தொடர். மேலேரியின் கலங்கல் வழியே வழியும் நீர் கீழேரிக்கு வரத்துநீர் ஆகிறது. ஏரி என்னும் குறியீட்டை, 'கரை, மதகு, ஆயக்கட்டு, கலங்கல், ஏரி' என்று விரித்தால் வலப்பக்கத்திலும் ஏரி வருகிறது. ஒரு விதி தன்னையே மீண்டும் அழைக்கும் இவ்வமைப்பை இலக்கணக் கோட்பாட்டில் மறுநிகழ்வு என்பர். ஆற்றையோ கடலையோ அடையும்போது விதி முடிவுறும். அம்பத்தூர் ஏரியின் உபரிநீர் கொரட்டூர் ஏரிக்கும், அங்கிருந்து மாதவரம் இரட்டை ஏரிக்கும் செல்லும் தொடர் இவ்விதிக்கு மேற்குப் புறநகரிலேயே உள்ள சான்று.

இவ்விதிகளின் சொற்கள் புதியன அல்ல. கரை, மதகு, தூம்பு, கலங்கல், வரத்துக்கால், ஆயக்கட்டு என்பன உழவர் வழக்கில் நிலைத்த கலைச்சொற்கள். முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகிறது. நீர் பங்கிடும் நீர்க்கட்டி என்னும் பணியாளர் அண்மைக்காலம் வரை ஊர்களில் இருந்தனர். எந்த மதகை எப்போது திறப்பது என்னும் அவர்தம் அறிவு, கோலமிடும் பெண்களின் அறிவைப் போன்றே எழுதப்படாத ஒரு படிமுறை.

5. தாவரங்களும் திணை மரபும்

நிலமும் நீரும் அமைந்தபின் தாவரம் வருகிறது. ஆலிவர் டாய்சன், புருசின்கீவிச் முதலியோர் 1998 இல் வெளியிட்ட கட்டுரை, செடிகளைத் தனித்தனியே நடாமல் நீர், மண், போட்டி ஆகியவற்றுக்கேற்ப அவை தாமே இடம்பிடிக்கும் சூழலமைப்பை ஆக்கிக் காட்டியது. அதன்படி ஏரிநிலத்தைக் கரையிலிருந்து மேட்டை நோக்கிப் பட்டைகளாகப் பிரிக்கலாம். கரையின்மேல் பனை வரிசை. ஆழ்நீரில் செடியின்மை, அல்லது கழிவுநீர் சேர்ந்த இடத்தில் ஆகாயத்தாமரை. ஆழமற்ற நீரில் சம்பும் கோரையும். நீர் ஏறி இறங்கும் உள்வாயில் கருவேலம். அதற்கு அப்பால் சீமைக்கருவேலப் புதர். இவை யாவும் நீர் நிற்கும் நாள்களின் எண்ணிக்கை என்னும் ஒரே அளவையைச் சார்ந்து மாறுவதால் விதி எளிதாகிறது.

தனி மரத்தின் வடிவத்திலும் இடம்சார்ந்த அறிவு வேண்டும். ஆயத்த மர நூலகங்களில் கிளைத்த மரங்களே மிகுதி. பனையும் தென்னையும் பொதுவாகக் கிளையாதவை. அவற்றின் நுணுக்கம் ஓலை சுற்றிவரும் ஒழுங்கில் உள்ளது. கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் டி. ஏ. டேவிஸ், தென்னைகளில் இடச்சுழியும் வலச்சுழியும் உண்டென்றும், அப்பண்பு தாய்மரத்திலிருந்து மரபுவழி வருவதன்று என்றும் காட்டினார். இதனை விதியாக எழுதுவது எளிது: ஒவ்வொரு மரத்திற்கும் சுழியை ஒரு நாணயம் சுண்டித் தீர்மானித்தாற் போதும். தற்செயலுக்கும் உரிய இடம் உண்டு. அவ்விடம் எது என்பதை இயற்கையை அறிந்தே வரையறுக்க வேண்டும்.

தமிழ் ஆய்வாளர்க்கு இவ்விடத்தில் திணைக் கோட்பாடு நினைவுக்கு வருதல் இயல்பு. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருளாக வைத்து, மரம், புள், மா, உணா முதலியவற்றைக் கருப்பொருளாக அதன்கீழ் அமைக்கிறது. முதற்பொருள் தெளிந்தால் கருப்பொருள் ஒன்றோடொன்று இயைந்து வரும். இன்றைய சூழலமைப்பு விதிகளும் இடத்தையும் காலத்தையும் உள்ளீடாகப் பெற்று, உயிர்களை வெளியீடாகத் தருகின்றன. கவிதைக்கு வகுத்த மரபைக் கணினிக்கு வகுத்ததாகக் கூறுவது மிகை. அது இங்கு நோக்கமன்று. நிலக்காட்சியின் கூறுகள் தனித்தனியே தேர்ந்தெடுக்கத்தக்கன அல்ல, ஒன்றையொன்று வருவிப்பன என்னும் பார்வை நம் மரபில் வேரூன்றியது என்பதே கூறத்தக்கது. திணை மயக்கம் என்னும் கருத்தும் இங்குப் பயன்படும். வயலும் ஆலையும் தொடர்வண்டித் தடமும் கலந்த புறநகர் ஒரு மயக்க நிலமே.

6. ஏரியின்மேல் எழுந்த நகரம்

யோவ் பாரிஷும் பாஸ்கல் முல்லரும் 2001 இல் எல்-முறைமையை விரித்து நகரங்களை ஆக்கும் முறையை வெளியிட்டனர். முதலில் நெடுஞ்சாலை வளர்கிறது. அதிலிருந்து தெருக்கள் கிளைக்கின்றன. தெருக்களுக்கு இடைப்பட்ட நிலம் மனைகளாகிறது. மனையின்மேல் கட்டடம் எழுகிறது. வெற்று நிலத்தில் தொடங்கும் நகரத்திற்கு இது பொருந்தும்.

மேற்குப் புறநகர் வெற்று நிலத்தில் எழவில்லை. 1856 இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்கு ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை ஆவடி வழியே சென்றது. 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் உருவாயின. ஆயக்கட்டு வயல்கள் மனைப்பிரிவுகளாயின. ஆகவே இங்குத் தெருக்களின் வடிவைப் பழைய வரப்பும் வாய்க்காலும் பெரிதும் தீர்மானிக்கின்றன. கரையே சாலையான இடங்களில் சாலை வளைகிறது. அவ்வளைவுக்கு வேறு காரணம் தேட வேண்டுவதில்லை. வரத்துக்கால் கழிவுநீர்க் கால்வாயான இடத்தில் வீடுகள் அதற்குப் புறங்காட்டி நிற்கின்றன.

இதனை விதியாக்கும்போது நகர இலக்கணம் ஏரி இலக்கணத்தின் வெளியீட்டைத் தன் உள்ளீடாகக் கொள்ள வேண்டும். 'வயல்' என்னும் குறியீடு 'மனைப்பிரிவு' ஆகலாம். 'வாய்க்கால்' என்பது 'வடிகால்' அல்லது 'சந்து' ஆகலாம். 'கரை' என்பது 'சாலை' ஆகலாம். நிலம் பெயர் மாறினும் சரிவு மாறாது. மழைக்காலத்தில் நீர் தன் பழைய வழியையே தேடும். இவ்வரிசைப்படி ஆக்கிய காட்சியில் எந்தத் தெருவில் நீர் நிற்கும் என்பது தனியே வரையாமலே தோன்றும். வெற்று நிலத்திலிருந்து தொடங்கிய காட்சியில் அத்தெரு பிற தெருக்களைப் போன்ற ஒரு தெருவாகவே இருக்கும்.

7. ஆய்வுக்குரிய தரவுகள்

இத்தகைய விதிகளுக்குரிய தரவுகள் பெரும்பாலும் தமிழிலேயே உள்ளன. வருவாய்த்துறையின் கிராம வரைபடங்களும் புல வரைபடங்களும் ஏரி, வாய்க்கால், பாட்டை ஆகியவற்றின் எல்லைகளைக் காட்டுகின்றன. நிலப்பதிவுகளில் வரும் நஞ்சை, புஞ்சை, புறம்போக்கு என்னும் பாகுபாடு, நீர் எட்டிய நிலத்தையும் எட்டாத நிலத்தையும் பிரித்துக் காட்டும் ஒரு வரைபடமே. கல்வெட்டுகளின் நிலவெல்லைக் குறிப்புகள் வாய்க்கால்களைப் பெயரிட்டுச் சுட்டுகின்றன. ஊர் முதியோரின் நினைவில் கலங்கல் இருந்த இடம் இன்னும் தங்கியிருக்கலாம். இவற்றைப் படிக்கவும் சொற்பொருள் அறியவும் கணினியாளர்க்குத் தமிழ் ஆய்வாளரின் துணை வேண்டும். மதகையும் கலங்கலையும் வேறுபடுத்தாத ஒருவர் எழுதும் விதியில், வயலுக்குச் செல்லவேண்டிய நீர் உபரியாக வழிந்தோடும்.

முடிவுரை

வெளிப்புறக் காட்சியைக் கணினியில் விதிவழி உருவாக்கும் துறை தற்செயல் அலைகளில் தொடங்கி, அரிப்பு, ஆற்று வலை, சூழலமைப்பு, நகர வளர்ச்சி என்று காரணங்களை நோக்கி வளர்ந்துள்ளது. 1000 இல் 1 என்னும் சரிவுடைய சென்னையின் மேற்குப் புறநகரில் இரைச்சல் சார்பு நீரின் வழியைச் சிதைக்கிறது. 30 மீட்டர்க் கட்டத் தரவு கரையையும் கலங்கலையும் தவறவிடுகிறது. கரை, நீர்மட்டம், மதகு, தொடர் என்னும் நான்கு விதிகள் கொண்ட ஏரி இலக்கணம் இவ்விரு குறைகளையும் ஈடுசெய்யும் வாய்ப்புடையது. தாவரமும் தெருவும் அவ்விலக்கணத்தின்மேல் அடுக்காக அமையும்.

கோலம் போடுவோரின் வழக்கறிவை இலக்கணமாக்க இயலும் என்று தாம்பரத்தில் அரை நூற்றாண்டுக்கு முன்பே காட்டப்பட்டது. ஏரி காத்தோரின் வழக்கறிவும் அவ்வாறே இலக்கணமாகத் தக்கது. அவ்வறிவைத் தாங்கிய சொற்களும் பதிவுகளும் மனிதர்களும் அருகிவரும் நிலையில், அப்பணியைக் காலம் தாழ்த்தாமல் மேற்கொள்ளுதல் தமிழியலார்க்கும் கணினியாளர்க்கும் பொதுக் கடமையாகிறது.